பூசைக்கு வருகிறவர் மடியில் துவக்கு?



ஒவ்வோர் உயிர்த்த ஞாயிறும் நெருங்கும்போது யாராவது ஒருவர் அறைமனைக்கு வந்து இதே கேள்வியைக் கேட்டுவிடுகிறார். சென்ற முறை கேட்டவர் படுவான்கரைப் பக்கத்து வேளாண்மைக்காரர், வயதில் மூத்தவர்.

"சுவாமி, கேக்கிறனெண்டு கோவிக்காதீங்க. பயிரக் காக்க அரசாங்கம் துவக்குக்கு லைசன்ஸ் தருகுதுதானே. பூசைக்கு வாற புள்ளையளக் காக்க நம்மட ஆக்கள் ரெண்டு பேர் இடுப்பில பிஸ்ரல் வச்சிருந்தா அது பாவமா?"

இதை வீண் கேள்வியென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. 2019 சித்திரை 21ந் திகதி கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் நம் மக்கள் பூசையிலேயே மாண்டார்கள். அதே காலையில் நமது நகரிலே சீயோன் ஆலய முற்றத்தில் சுமார் 30 உயிர்கள் போயின. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் சிறுவர்கள். அதைக் கண்ணாற் கண்ட ஊரில் இப்படியொரு கேள்வி எழாவிட்டால்தான் ஆச்சரியம்.

பெரியவர் வேதாகமத்தையும் துணைக்கு அழைத்தார். மேலாடையை விற்றாவது வாள் வாங்கும்படி யேசுநாதரே சொல்லவில்லையா என்றார். லூக்காஸ் 22ஆம் அதிகாரத்தில் அது உண்டு. ஆனால் அவ்விடத்தை நடுவில் நிறுத்தாமல் வாசிக்க வேண்டும். சீடர்கள் இரண்டு வாள்களைக் காட்டுகிறார்கள். போதும் என்று ஆண்டவர் பேச்சை முடித்துவிடுகிறார். ஒரு கூட்டத்தையே எதிர்க்கப் பதினொரு பேருக்கு இரண்டு வாள் எப்படிப் போதும்? அதே இரவில் இராயப்பர் வாளை உருவினார். வெட்டுப்பட்டவன் யூதாசுமல்ல, படைத்தலைவனுமல்ல. தலைமைக்குருவின் வேலைக்காரன் மால்குஸ். போனது ஒரு காது. வலை வீசிப் பழகிய கை, இருட்டு, பதற்றம், வேறென்ன நடக்கும்? ஆண்டவர் வாளை உறையிலிடச் சொல்லிவிட்டு, தம் சீடன் உண்டாக்கிய காயத்தைத் தாமே தொட்டுக் குணமாக்கினார்.

திருச்சபை தற்காப்பை மறுக்கிறதென்று இதற்கு அர்த்தமில்லை. தன் உயிரைக் காக்க அளவோடு பலத்தைப் பாவிப்பவன் மீது குற்றமில்லை என்று புனித தோமஸ் அக்குவினாஸ் போதித்தார். பிறருடைய உயிருக்குப் பொறுப்பானவர்களுக்கு அவர்களைப் பாதுகாப்பது பாரதூரமான கடமையென்று 1992இல் வெளியான மறைக்கல்வி நூல் 2265ஆம் எண்ணிற் சொல்கிறது. ஆகவே கையைக் கட்டிக்கொண்டிருப்பதைப் பக்தியென்று யாரும் நினைக்க வேண்டாம். இங்கே விசாரணை ஒன்றேதான்: பூசை காண்பவர் மடியில் மறைத்து வைத்த துவக்கு அந்தக் கடமையை நிறைவேற்றுமா?

2005ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவுப் பூசையை மறந்திருக்க மாட்டீர்கள். புளியந்தீவு புனித மரியாள் ஆலயம். ஆயர் கிங்ஸ்லி சுவாம்பிள்ளை ஆண்டகை பலி ஒப்புக்கொடுத்தார். பாராளுமன்ற உறுப்பினர் யோசப் பரராஜசிங்கம் அவர்கள் நற்கருணை வாங்கிய சற்று நேரத்திற்குள் ஆலயத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய துணைவியார் படுகாயமடைந்தார். இதே ஆலயத்தின் பங்குக்குரு சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஆனி 6ந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டதையும் நாம் அறிவோம். நத்தார்க் கொலை வழக்கு 2021 தை மாதம் கைவிடப்பட்டது. இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

அன்று கொலைஞர் எப்படி வந்தார்கள்? பூசைக்கு வருகிறவர்களைப் போலவே வந்தார்கள். துவக்கு மறைவில் இருந்தது. அந்நாட்களில் நமது நகரில் சோதனைச் சாவடிகளுக்கும் ஆயுதக் காவலுக்கும் ஒரு குறைவுமில்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள். சனநெரிசலுக்குள் நம்மவர் பத்துப்பேர் இடுப்பிலும் பிஸ்ரல் இருந்திருந்தால், வெடிச்சத்தம் கேட்டதும் பத்துப்பேரும் உருவியிருப்பார்கள். அவர்களில் கொலைஞன் யார், காவலன் யார் என்று எந்த அடையாளத்தைக் கொண்டு கண்டுபிடிப்பது?

மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆலயங்களுக்குத் துவக்குக் கொண்டு செல்வதை இலகுவாக்கிய சட்டம் 2019 புரட்டாதி 1ந் திகதி நடைமுறைக்கு வந்தது. அவ்வருடம் மார்கழி 29ந் திகதி வைற் செற்றில்மன்ற் என்ற ஊரின் ஆலயத்தில் ஒருவன் இருவரைச் சுட்டுக் கொன்றான். ஆலயக் காவற்குழுவைச் சேர்ந்த ஒருவர் சில விநாடிகளில் அவனை வீழ்த்தினார். பல உயிர்கள் தப்பின என்பது உண்மை. ஆனால் அவர் சுடுவதில் நீண்டகாலப் பயிற்சி பெற்றவர், காவலுக்கென்றே நியமிக்கப்பட்டவர். அப்படியிருந்தும் இருவர் மாண்டனர். உடம்பிற் குண்டு கட்டி வருகிறவனைச் சுட்டால் குண்டும் வெடிக்கலாம் என்பதை நாம் தனியே கவனிக்க வேண்டும்.

காவலுக்கென்று துவக்கு வாங்கிய கதை நமது மாவட்டத்திலும் உண்டு. 1990 ஆவணி 3ந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களைத் தமிழ் ஆயுததாரிகள் கொன்றார்கள். இதை எழுத வெட்கமாயிருக்கிறது. எழுதாமல் விடுவது அதைவிட வெட்கம். அக்காலத்தில் ஊர்காவற் படையென்று கிராமங்களுக்குத் துவக்குகள் கொடுபட்டன. காவலுக்கென்று கொடுத்தது பழிவாங்கவும் போயிற்று. எந்த ஊரில் எவர் செத்தார் என்பது உங்கள் வீட்டு மூத்தவர்களுக்குத் தெரியும்.

கி.பி. 431இல் உரோமைப் பேரரசன் இரண்டாம் தெயோதோசியுஸ் பிறப்பித்த சட்டம் ஒன்றுண்டு. அடைக்கலம் தேடி ஆலயத்துக்குள் வருகிறவன் ஆயுதத்தை வெளியே விட வேண்டும் என்பது அதன் கட்டளை. படை சூழ வாழும் தானும் ஆலயத்தினுள் நுழையுமுன் ஆயுதத்தை வெளியே விட்டு முடியையும் கழற்றுவதாகப் பேரரசன் அதிலே சொல்லிக்கொள்கிறான். பூசையில் நாம் சமாதானம் சொல்லி ஒருவரையொருவர் கும்பிடுகிறோமே, அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவரின் இடுப்பைப் பார்க்கப் பழகிவிட்டோமானால் எந்தச் சமாதானத்தைச் சொல்லுகிறோம்?

அப்படியானால் என்ன செய்வது? சீயோன் ஆலய வாசலில் அன்று ஒரு சகோதரர் நின்றார். முதுகிற் பையுடன் வந்த அந்நியனிடம் விசாரித்தார், உள்ளே விடவில்லை. குண்டு வெளியே வெடித்தது, அவரும் இறந்தார். உள்ளே நிறைந்திருந்தவர்களிற் பெரும்பாலானோர் பிழைத்தனர். அவர் கையில் துவக்கு இருக்கவில்லை. வாசலில் நின்றார், முகத்தைப் பார்த்தார், கேள்வி கேட்டார். நாட்டின் பெரியவர்களோ தாக்குதல் வரப்போகிறதென்று முன்னரே எச்சரிக்கப்பட்டும் தம் கடமையைச் செய்யவில்லை என்று 2023 தை 12ந் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்மிடம் குறைந்தது துவக்கா, விழிப்பா?

ஆயுதம் அவசியமானால் அது சீருடையில், வெளிப்படையாக, சட்டத்துக்குப் பதில் சொல்லக்கூடியவர் கையில், வாசலுக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே வேண்டாம். வாசலில் நிற்பவர்கள் பங்கு மக்களை முகம் தெரிந்தவர்களாயிருக்க வேண்டும். பையைத் திறக்கச் சொன்னால் எல்லோரிடமும் சொல்ல வேண்டும். முக்காடு போட்டவரிடம் மட்டும் கேட்பது காவலல்ல, அவமதிப்பு.

இவற்றையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். முழுதாகச் சம்மதித்தார் என்று சொல்ல மாட்டேன். சற்று யோசித்துவிட்டு, "சரி சுவாமி, பாட்டுக்காரர் வாற அந்தச் சின்ன வாசல ஆரு பாக்கிற?" என்று கேட்டார். ஒருவரும் பார்ப்பதில்லை, எனக்கு அது அதுவரை தோன்றவுமில்லை. அடுத்த ஞாயிறு அந்த வாசலுக்கும் முறை போட்டோம். முதல் முறை அவருடையது.