ஏசி நின்று நின்று ஓடுகிறதா?

கம்ப்யூட்டர் இதழில் ஏசிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். இன்று வரும் ஸ்பிளிட் ஏசிக்குள் ஒரு மைக்ரோ கண்ட்ரோலர், இரண்டு மூன்று சென்சார்கள், ரிலே என்று ஒரு முழு போர்டே இருக்கிறது. குறை கண்டுபிடிக்கும் முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனால் உடனே ராமை மாற்றுவதில்லை. முதலில் சிபியு ஃபேனில் தூசி அடைத்திருக்கிறதா, கரண்ட் சரியாக வருகிறதா என்று பார்க்கிறோம். ஏசிக்கு மட்டும் ஏன் எடுத்த எடுப்பிலேயே "கேஸ் போயிடுச்சு" என்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

இங்கே நாம் பார்க்கப்போவது ஒரே ஒரு குறையைத்தான். ஏசியை ஆன் செய்கிறீர்கள். குளிர்ந்த காற்று வரத் தொடங்குகிறது. இரண்டு நிமிடத்தில் வெளியே இருக்கும் யூனிட் 'டக்' என்று நின்று விடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து மீண்டும் கிளம்புகிறது, மீண்டும் நிற்கிறது. இதை மெக்கானிக்குகள் ஷார்ட் சைக்கிளிங் என்பார்கள்.

நிற்பது எல்லாமே குறை அல்ல. சாதாரண ஏசியில் கம்ப்ரசருக்கு ஒரே வேகம்தான். நீங்கள் வைத்த அளவுக்கு அறை குளிர்ந்ததும் போர்டு கம்ப்ரசரை நிறுத்தும். உள்ளே ஃபேன் மட்டும் ஓடும். ஒரு தடவை 10, 15 நிமிடம் ஓடி, மணிக்கு மூன்று நான்கு முறை நின்று கிளம்பினால் கவலை வேண்டாம். சித்திரை மாத மதியத்தில் நிற்காமலே ஓடினாலும் ஆச்சரியம் இல்லை. இன்வெர்டர் ஏசி முடிந்தவரை நிற்காது, வேகத்தைக் குறைத்துக் கொண்டு ஓடும். ஆகவே இன்வெர்டர் ஏசி அடிக்கடி நின்றால் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

இரண்டு நிமிடம் ஓடி, மூன்று நிமிடம் நிற்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். மணிக்கு 12 முறை ஸ்டார்ட் ஆகும். எட்டு மணி நேர இரவில் 96 முறை. ஓடும்போது 7, 8 ஆம்பியர் இழுக்கும் ஒன்றரை டன் கம்ப்ரசர், கிளம்பும் அந்த நொடியில் 30 ஆம்பியரைத் தாண்டி இழுக்கும். தேய்மானம் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் நடக்கிறது. ஏசியில் விலை அதிகமான பாகமும் அந்தக் கம்ப்ரசர்தான். அது போனால் பலர் புது ஏசியே வாங்கி விடுகிறார்கள்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. காற்றில் உள்ள ஈரத்தை எடுக்க, காயில் நன்றாகக் குளிர்ந்து சிறிது நேரமாவது தொடர்ந்து இருக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் நின்று விட்டால் காயிலில் படிந்த நீர் திரும்ப அறைக்குள்ளேயே ஆவியாகும். சென்னை போன்ற ஊரில் "குளிருது, ஆனா பிசுபிசுன்னு இருக்கு" என்று சொல்வது இதனால்தான். (1902-ல் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த முதல் நவீன ஏசியே மனிதர்களுக்காக அல்ல. நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில், ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் விலகுவதைத் தடுக்கத்தான் அது செய்யப்பட்டது.)

கடிகாரமும் காகிதமும்

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ரிமோட்டில் 24 டிகிரி வைத்து, கம்ப்ரசர் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு நின்றது என்று வரிசையாக எழுதுங்கள். அறையின் வெப்பநிலையைக் காட்டும் சிறிய டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தால் அதையும் குறித்துக் கொள்ளுங்கள். ஸ்டெபிலைசர் விளக்கு மாறுகிறதா என்றும் பாருங்கள்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி ஒன்று: நிற்கும்போது எது எது நிற்கிறது? பால்கனியிலோ மாடியிலோ நின்று, எட்டிக் குனியாமல், அவுட்டோர் யூனிட்டைக் கவனியுங்கள். கம்ப்ரசரின் 'உம்ம்' என்ற சத்தமும் அதன் ஃபேனும் ஒன்றாக நின்றால் நிறுத்தியது போர்டு. ஃபேன் சுற்றிக் கொண்டே இருக்க, கம்ப்ரசர் மட்டும் அடங்கினால் போர்டு அதை நிறுத்தவில்லை. சாதாரண ஏசியில் இதற்கு அர்த்தம், கம்ப்ரசர் அளவுக்கு மீறிச் சூடாகி அதன் ஓவர்லோடு புரொடெக்டர் கரண்டைத் துண்டித்து விட்டது என்பதுதான். உள்ளே வெளியே எல்லாமே ஒரேயடியாக நின்றால் சந்தேகம் ஸ்டெபிலைசர் மீதும் ஒயரிங் மீதும் போக வேண்டும்.

நேரக் கணக்கும் இதையே சொல்லும். போர்டு நிறுத்தினால் பெரும்பாலும் மூன்று நான்கு நிமிடத்தில் திரும்பக் கிளம்பும். ஓவர்லோடு நிறுத்தினால் கம்ப்ரசர் ஆற வேண்டும்; 10 நிமிடமும் ஆகலாம், அரை மணியும் ஆகலாம். இன்வெர்டர் ஏசியில் போர்டே பாதுகாப்புக்காகவும் நிறுத்தும். அப்போது இண்டோர் யூனிட்டில் ஒரு எரர் கோடு தெரியும், அல்லது விளக்கு குறிப்பிட்ட எண்ணிக்கையில் மின்னும். அதை எழுதி வைத்து மேனுவலில் தேடுங்கள்.

போர்டு நிறுத்துகிறது என்றால்

எங்கள் அபார்ட்மெண்டில் கீழ் வீட்டு சார் ஓய்வு பெற்றவர். போன கோடையில் வந்து, "சார், மெக்கானிக் கேஸ் நிரப்பணும்ங்கறார், 3,500 ஆகுமாம். போட்டுடலாமா?" என்று கேட்டார். "அவசரப்படாதீங்க சார், ஒரு மணி நேரம் டைம் குறிச்சுப் பாருங்க" என்றேன். பழைய ஆபீஸ் பழக்கம், கோடு போட்டு அழகாக எழுதி வந்தார். ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம். ஃபேனும் கம்ப்ரசரும் ஒன்றாக நிற்கின்றன. அறையோ இன்னும் 30 டிகிரியில் இருக்கிறது. காற்று நன்றாகவே குளிர்கிறது.

கேஸ் குறைந்தால் குளிர்ச்சி குறையும். அறை குளிர வெகு நேரம் ஆகும். இங்கே நேர் எதிர். அறை சூடாக இருக்க, போர்டு மட்டும் "குளிர்ந்து விட்டது" என்று நம்புகிறது. அப்படியானால் அதற்குத் தகவல் சொல்லும் சென்சாரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எம்சிபியை ஆஃப் செய்துவிட்டு முன் பேனலைத் திறந்து ஃபில்டரைக் கழற்றினோம். ஸ்பிளிட் ஏசியில் சாதாரணமாக இரண்டு சென்சார்கள் இருக்கும். ஒன்று செம்புக் குழாயோடு ஒட்டி காயிலின் குளிர்ச்சியை அளக்கும். மற்றொன்று பிளாஸ்டிக் கிளிப்பில் தொங்கி, உள்ளே வரும் அறைக் காற்றை அளக்கும். இந்த இரண்டாவது சென்சார் கிளிப்பிலிருந்து நழுவி காயில் தகடுகள் மீதே படுத்திருந்தது. சர்வீஸின்போது நழுவியிருக்கலாம். காயில் குளிர்ந்ததும் அறையே குளிர்ந்ததாக போர்டு எடுத்துக் கொண்டது. திரும்ப கிளிப்பில் மாட்டினோம். அன்று மாலை அவர் குறித்த முதல் ஓட்டம் 14 நிமிடம். செலவு எதுவும் இல்லை.

சென்சார் இடத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் சந்தேகம் என்றால் மல்டிமீட்டர் போதும். இது என்டிசி தெர்மிஸ்டர் வகை. சூடு ஏறினால் ரெசிஸ்டன்ஸ் குறையும். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் வகையே பல ஏசிகளில் உள்ளது. 5, 15, 20 கிலோ ஓம் வகைகளும் உண்டு. பவரை அணைத்து, போர்டிலிருந்து அதன் கனெக்டரைப் பிடுங்கி அளந்து பாருங்கள். விரல்களுக்கு இடையில் பிடித்தால் அளவு மெதுவாக இறங்க வேண்டும். ஐஸ் போட்ட தண்ணீரில் நனைத்தால் 10 கிலோ ஓம் சென்சார் 30-ஐத் தாண்ட வேண்டும். அளவு தாவித் தாவி மாறினாலோ, சாதாரண அறையிலேயே மிக அதிகமாகக் காட்டினாலோ சென்சாரை மாற்றுங்கள். விலை குறைவான பொருள்தான்; ஆனால் அதே மதிப்புள்ளதாக வாங்க வேண்டும்.

அழுக்கு ஃபில்டரும் இதே வேலையைச் செய்யும். காற்று போதாமல் காயில் உறைய ஆரம்பித்ததும் குழாய் சென்சார் போர்டுக்கு எச்சரிக்கை கொடுக்கும். ஏசிக்கு நேர் எதிரே பீரோ இருந்து குளிர்காற்று மோதித் திரும்பினாலும், திரைச்சீலை யூனிட்டை மூடினாலும் இப்படியே ஆகும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. சில ரிமோட்டுகளுக்குள்ளேயே ஒரு சென்சார் உண்டு. 'ஐ ஃபீல்', 'ஃபாலோ மீ' என்று அந்த வசதிக்குப் பெயர். தெரியாமல் அந்த பட்டனை அழுத்திவிட்டு ரிமோட்டை ஏசிக்கு நேர் கீழே வைத்தால், அறை குளிரும் முன்பே ஏசி நின்று விடும்.

கம்ப்ரசர் மட்டும் நின்றால்

சூடு வெளியேறவில்லை என்று அர்த்தம். அவுட்டோர் காயிலில் தூசி, புறா இறகு, பஞ்சு அடைத்திருக்கலாம். பவரை அணைத்துவிட்டு மென்மையாகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவலாம், தகடுகள் வளையக்கூடாது. மழைக்குப் பயந்து தகரம் அடித்து மூடிய யூனிட்டுகளை நிறையப் பார்க்கிறேன். வெளியே தள்ளிய சூடான காற்றே திரும்ப உள்ளே போகும்போது கம்ப்ரசர் பாவம் என்ன செய்யும்?

ஃபேன் மெதுவாகச் சுற்றினாலோ, கம்ப்ரசர் முனகிவிட்டுக் கிளம்பாமல் அடங்கினாலோ கெப்பாசிட்டர் பலவீனமாக இருக்கலாம். இதை நீங்கள் தொட வேண்டாம். மெயினை அணைத்த பின்பும் அதில் ஆபத்தான சார்ஜ் தங்கியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து காட்டும் வீரம் எல்லாம் தேவையில்லை. மெக்கானிக்கிடம் மைக்ரோ ஃபாரட் அளந்து காட்டச் சொல்லுங்கள். அதன் மேலேயே சரியான மதிப்பு அச்சாகியிருக்கும்.

எல்லாமே நின்றால் ஸ்டெபிலைசர் டிஸ்ப்ளேயைப் பாருங்கள். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் வோல்டேஜ் மிகவும் இறங்கினால் ஒயர் மெலிதாக இருக்கலாம், அல்லது எங்கோ இணைப்பு லூஸாக இருக்கலாம். பிளக் சுட்டாலோ, கருகல் வாசனை வந்தாலோ உடனே நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஏசியை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடவே கூடாது.

கேஸ் பற்றி ஒரு வார்த்தை. அது பெட்ரோல் போல எரிந்து தீர்வதில்லை; மூடிய குழாய்க்குள் சுற்றிக் கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ லீக் இருக்கிறது. கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று காயிலை அரித்து லீக் வருவது உண்டு. லீக்கை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த கோடையில் மறுபடி நிரப்ப வேண்டியதுதான். குழாய் இணைப்புகளில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பாருங்கள். நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை வைத்துச் சோதித்து, வாக்கம் செய்து, யூனிட்டின் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் எடையைத் தராசில் நிறுத்து ஏற்றுகிறாரா என்று கேளுங்கள். ஆர்-32 கேஸ் ஓரளவு தீப்பற்றும், ஆர்-290 என்பது புரொப்பேனே. அருகில் பீடி சிகரெட் கூடாது.

எல்லாம் சரியாக இருந்தும் நின்று நின்று ஓடுகிறதா? அறைக்கு ஏசி பெரிதாக இருக்கலாம். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியு வெப்பத்தை வெளியேற்றும் திறன். மேல் தளமாக இல்லாத 100, 120 சதுர அடி படுக்கையறைக்குப் பொதுவாக ஒரு டன் தாராளம். "பெருசா இருந்தா சீக்கிரம் குளிரும்" என்று ஒன்றரை டன், இரண்டு டன் மாட்டிய அறைகளில் இந்தத் தொல்லை நிரந்தரம். இதற்கு ரிப்பேர் கிடையாது. ஃபேன் வேகத்தைக் குறைத்து வைத்தால் ஈரம் சற்றுக் குறையும். பக்கத்து அறையின் கதவைத் திறந்து வைத்தால் ஓட்ட நேரம் நீளும். ஹாலில் ஏசி இல்லாவிட்டால் இதைக் கழற்றி அங்கே மாட்டிவிட்டு, படுக்கையறைக்குச் சிறியதை வாங்கலாம். இன்வெர்டர் வாங்குவதானால் கடைக்காரரிடம் அதிகபட்ச குளிரூட்டும் திறனோடு குறைந்தபட்ச அளவையும் கேளுங்கள். அந்த அளவுக்கும் கீழே அதனால் வேகம் குறைக்க முடியாது. அதன்பின் அதுவும் நின்று நின்றுதான் ஓடும்.