ஸ்பானிய வினைச்சொல் படிக்கும் மருமகளுக்கு

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. ஸ்பெயினின் சலமான்காவில் மேற்படிப்புக்கு உனக்கு இடம் கிடைத்ததை உங்கப்பா போனில் சொன்னபோது மனசு நிறைந்துபோனது. 1218-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. ஸ்பானிய மொழிக்கு முதன்முதலாக அச்சில் இலக்கணம் கொடுத்த அந்தோனியோ தெ நெப்ரிஹா பாடம் சொன்ன இடம். அந்த இலக்கண நூல் 1492-இல் அச்சேறியதும் அதே ஊரில்தான். அப்படிப்பட்ட ஊருக்குப் போகிற பெண், வாயைத் திறந்தால் வினைச்சொல்லில் தடுமாறக் கூடாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நீ அனுப்பிய நோட்டுப் பக்கங்களைப் பொறுமையாகப் பார்த்தேன். பேசுதல் என்று பொருள்படும் ‘அப்லார்’ என்ற ஒரே வினைக்குப் பதினாறு காலங்கள், காலத்துக்கு ஆறு கட்டம், ஆக 96 கட்டங்கள். தினம் ஒரு பத்தி மனப்பாடம் என்று வேறு எழுதியிருக்கிறாய். கண்ணு, அதை இன்றோடு நிறுத்து. மேலிருந்து கீழாக ஒப்பித்துப் பழகியவர்களை என் ஸ்பானிய வகுப்பில் நிறையப் பார்த்துவிட்டேன். ‘அவர்கள் பேசினார்கள்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் நான், நீ, அவன் என்று படி இறங்கித்தான் அந்தக் கட்டத்துக்கு வருவார்கள். அதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உன் நோட்டில் இருக்கிறது. தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறாய், அதில் தப்பில்லை. ஆனால் ‘பேசுகிறேன்’ என்பதற்கும் ‘அவர் பேசினார்’ என்பதற்கும் ‘ஹாப்லோ’ என்று ஒரே சொல்லைப் போட்டிருக்கிறாய். முதலில் அந்த ‘ஹ’ வேண்டாம். ஸ்பானியத்தில் ரோமன் ‘எச்’ எழுத்துக்கு ஒலியே கிடையாது. அடுத்து, அந்த இரண்டும் ஒரே சொல் இல்லை. முதலாவதில் அழுத்தம் முதல் அசையில் விழும், இரண்டாவதில் கடைசி அசையில். தமிழில் அழுத்தத்தை எங்கே வைத்தாலும் பொருள் மாறாது. அதனால் நம் காது அதைக் கவனிக்கவே பழகவில்லை. ஸ்பானிய வினையிலோ ஆளும் காலமும் அந்த ஒரு அழுத்தத்தில் மாறிவிடும்.

இதற்கு நான் மாணவர்களுக்குச் சொல்லும் வழி இது. அழுத்தம் விழும் உயிரை நெடிலாக எழுது, மற்றவற்றைக் குறிலாக எழுது. உண்மையில் ஸ்பானியத்தில் குறில் நெடில் கிடையாது. ஆனாலும் அழுத்தம் விழும் உயிர் சற்றே நீளும், நம் காதுக்கு அது போதும். இப்போது பார்: ‘ஆப்லொ’ என்றால் பேசுகிறேன், ‘அப்லோ’ என்றால் அவர் பேசினார். ‘அப்லரா’ என்றால் அவர் பேசுவார், ‘அப்லார’ என்றால் அவர் பேசினால் என்று கற்பனையாகச் சொல்வது. ரோமன் எழுத்தில் எழுதும்போது கடைசி உயிரின் தலையில் ஒரு சாய்ந்த கோடு போடுகிறார்களே, ‘தீல்தெ’ என்பார்கள், அது அலங்காரம் இல்லை. வினைமுற்று முழுவதும் அதில்தான் இருக்கிறது.

அங்கே போனதும் வாடகை வீட்டில் இருப்பாய். பணம் கட்டுவதற்கு ‘பகார்’ என்று ஒரு வினை. ‘பாகொ’ என்றால் கட்டுகிறேன். ‘பகோ’ என்றால் அவர் கட்டினார். ‘பகே’ என்றால் நான் கட்டினேன். ‘பாகெ’ என்றால் நீங்கள் கட்டுங்கள். வீட்டுக்கார அம்மாவிடம் ‘கட்டிவிட்டேன்’ என்று சொல்லப் போய் அழுத்தத்தை முன்னால் தள்ளினால், அவரைப் பணம் கட்டச் சொன்னது போல ஆகிவிடும். இந்த நாலு சொல்லையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றிச் சொல்லிப் பார். ஒரு வாரம் இதை மட்டும் செய்தாலே உன் காது திறந்துவிடும். ‘பகே’ என்று ரோமன் எழுத்தில் எழுதும்போது நடுவில் ‘யு’ என்ற எழுத்து ஒன்று நுழைவதைப் பார்த்து அது ஒழுங்கில்லாத வினை என்று பயந்துவிடாதே. ‘க’ ஒலி மாறாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. தமிழில் எழுதினால் அப்படி ஒரு சிக்கலே தெரியாது.

இனி அந்த 96 கட்டங்களுக்கு வருவோம். அதில் சரிபாதி கூட்டு வினைகள். ‘ஏ அப்லாதொ’, ‘அபீய அப்லாதொ’, ‘அப்ரே அப்லாதொ’ என்பவற்றை நாம் பேசியிருக்கிறேன், பேசியிருந்தேன், பேசியிருப்பேன் என்போம். நமக்கு ‘பேசி’ அசையாமல் நிற்க, ‘இரு’ ஆளையும் காலத்தையும் சுமக்கிறது. அவர்களுக்கு ‘அப்லாதொ’ அசையாமல் நிற்க, ‘அபேர்’ என்ற துணைவினை சுமக்கிறது. அபேரை ஒரு தடவை ஒழுங்காகப் படித்துவிட்டால் எந்த வினையை எடுத்தாலும் 48 கட்டம் கையில் வந்துவிடும். மீதியில் ஆறு கட்டம் இன்று சட்ட வாசகங்களில் மட்டுமே உயிரோடு இருக்கும் ஓர் எதிர்காலம். பார்த்தால் அடையாளம் தெரிந்தால் போதும், மனப்பாடம் வேண்டாம்.

பேச்சில் வழங்கும் எதிர்காலத்துக்கும் அபேர்தான் கைகொடுக்கும். அபேரின் நிகழ்காலம், பன்மை ‘நீங்கள்’ நீங்கலாக, ஏ, ஆஸ், ஆ, ஏமொஸ், ஆன். இவற்றை ‘அப்லார்’ என்ற முழுச் சொல்லின் வாலில் ஒட்டிப் பார்: அப்லரே, அப்லராஸ், அப்லரா, அப்லரேமொஸ், அப்லரான். ‘பேச இருக்கிறேன்’ என்ற மாதிரி இரண்டு சொல்லாக இருந்தது காலப்போக்கில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அபேரின் இறந்தகால வாலான ‘ஈய’ ஒட்டினால் ‘அப்லரீய’, அதாவது ‘பேசுவேனே’ என்று நிபந்தனையோடு சொல்வது. இந்த இரண்டு வால்களும் ஒழுங்கான வினை, ஒழுங்கில்லாத வினை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

ஆக, உட்கார்ந்து படிக்க வேண்டியவை நிகழ்காலமும் இரண்டு இறந்தகாலங்களும், ‘பேசட்டும்’ என்பது போன்றவற்றுக்கான ‘சுப்ஹுந்தீபொ’வும்தான். சாப்பிடுவதற்கான ‘கொமேர்’, வாழ்வதற்கான ‘பிபீர்’ இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வழியில் போகும். நிகழ்காலத்தில் ‘நாங்கள்’, ‘நீங்கள்’ என்ற இடங்களில் மட்டும் உயிர் பிரியும்.

இரண்டு இறந்தகாலம் எதற்கு என்று கேட்டிருந்தாய். நீ ஆங்கிலப் புத்தகத்தை வைத்துப் படிப்பதால் வந்த குழப்பம் அது. ஆங்கிலம் இரண்டையும் பெரும்பாலும் ஒரே சொல்லால் முடித்துவிடும். நீ தமிழில் யோசி. ‘நேற்று பாட்டியோடு பேசினேன்’ என்பதற்கு ‘அப்லே’. ‘சின்ன வயசில் தினமும் பாட்டியோடு பேசுவேன்’ என்பதற்கு ‘அப்லாப’. ‘பாட்டியோடு பேசிக்கொண்டிருந்தேன், அப்போது மின்சாரம் போனது’ என்பதில் பேசிக்கொண்டிருந்ததற்கும் ‘அப்லாப’தான், மின்சாரம் போனதற்கு முதல் வகை. ‘பேசுவேன்’, ‘பேசிக்கொண்டிருந்தேன்’ இரண்டையும் சேர்த்து அவர்கள் ஒரே உருவத்தில் அடக்குகிறார்கள். ‘பேசுவேன்’ என்ற உருவத்தைப் பார்த்து அங்கே எதிர்காலத்தைப் போட்டுவிடாதே, அது ஒன்றுதான் கவனம்.

தமிழ் வழியாகப் போனால் இன்னொரு நன்மை உண்டு. ‘பேசினேன்’ என்றாலே நான் என்று தெரிகிறது, ‘நான்’ தேவையில்லை. ஸ்பானியமும் அப்படித்தான். ஆங்கிலம் வழியாகக் கற்றவர்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘யோ, யோ’ என்று தொடங்குவார்கள். கேட்பவருக்கு அது ‘நானாக்கும் சொல்கிறேன்’ என்று நெஞ்சைத் தட்டிச் சொல்வது போல இருக்கும். விட்டுவிடு.

சுப்ஹுந்தீபொவைப் பற்றி ஒரு பயம் எல்லோரிடமும் இருக்கிறது. உருவத்தில் பயப்பட ஒன்றுமில்லை. ‘அப்லார்’ போல ‘ஆர்’ என முடியும் வினை தன் அகரத்தை விட்டு எகரத்தை எடுத்துக்கொள்ளும். ‘ஏர்’, ‘ஈர்’ என முடியும் மற்ற இரண்டு வகையும் அகரத்தை எடுத்துக்கொள்ளும். ‘ஆப்ல’ பேசுகிறார், ‘ஆப்லெ’ பேசட்டும். ‘கோமெ’ சாப்பிடுகிறார், ‘கோம’ சாப்பிடட்டும். ‘விவா’ என்று நாம் கேட்டுப் பழகிய முழக்கம் அவர்கள் வாயில் ‘பீப’. பிபீரின் சுப்ஹுந்தீபொதான் அது. பள்ளிக்கூடத்தில் வியங்கோள் வினைமுற்று படித்தாயே, வாழ்க, வருக என்று, அந்த வாசல் வழியாக உள்ளே போ. நடந்ததை அறிவிக்காமல், நடக்க வேண்டும், நடக்கட்டும், நடந்தால் நல்லது என்று மனசில் இருப்பதைச் சொல்லும் உருவம் இது.

ஆனால் வியங்கோளோடு அது நின்றுவிடாது. ஊருக்குப் புறப்படும்போது உங்கப்பா உன்னிடம் ‘போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு’ என்பான். ஸ்பானியத்தில் ‘குவாந்தொ யேகெஸ், யாம’. இன்னும் போய்ச் சேரவில்லை, அதனால் ‘யேகெஸ்’. அதே இடத்தில் ‘யேகஸ்’ என்றால் ‘போய்ச் சேரும்போதெல்லாம்’ என்று வழக்கமாக நடப்பதைச் சொன்னதாகும். ஒரு உயிரெழுத்தில் இத்தனை வித்தியாசம். எதிர்காலம்தானே என்று ‘யெகராஸ்’ போடுவது நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. ‘குவாந்தொ’வுக்குப் பின்னால் அது இங்கே வராது. ‘பேசாதே’ என்று தடுப்பதற்கும், பெரியவர்களிடம் ‘பேசுங்கள்’ என்று மரியாதையாகக் கேட்பதற்கும் இதே உருவம்தான்: ‘நோ ஆப்லெஸ்’, ‘ஆப்லெ’. தனிப் பாடம் வேண்டியதில்லை. இதன் இறந்தகாலம் இன்னும் எளிது. ‘அவர்கள் பேசினார்கள்’ என்பதற்கான ‘அப்லாரொன்’ தெரிந்தால், கடைசி ‘ஒன்’னை எடுத்துவிட்டு ‘அ’ போடு, ‘அப்லார’ வந்துவிடும். ஒழுங்கில்லாத வினைகளுக்கும் இந்த வழி பொய்க்காது.

நீ போவது ஸ்பெயின். ஆகவே ‘பொசோத்ரொஸ்’ என்ற ‘நீங்கள்’ உனக்கு அவசியம் தேவை: அப்லைஸ், கொமேயிஸ், பிபீஸ். மெக்ஸிகோவுக்கோ பெருவுக்கோ போவதாக இருந்தால் அந்தப் பத்தியையே விடச் சொல்லியிருப்பேன். அங்கே பன்மைக்கு ‘உஸ்தேதெஸ்’ ஒன்றுதான். அர்ஜென்டினா மாணவர்களோடு பழகினால் ‘நீ பேசுகிறாய்’ என்பதற்கு அவர்கள் ‘பொஸ் அப்லாஸ்’ என்பார்கள், அதுவும் முறையான மொழிதான், திருத்தப் போகாதே. ஸ்பெயினில் இன்று காலை பணம் கட்டியதை ‘ஏ பகாதொ’ என்பார்கள். லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியில் ‘பகே’ என்றே முடித்துவிடுவார்கள். ‘உஸ்தேத்’ மரியாதைச் சொல்லாக இருந்தாலும் ‘அவர்’ என்பதற்கான வினையையே எடுக்கும். வயதானவர்களிடமும் அலுவலகங்களிலும் அதில் தொடங்கு. ‘நீ’ என்ற பொருளில் ‘தூ’ என்று கூப்பிடச் சொன்னால் மாறிக்கொள்; ஸ்பெயினில் சீக்கிரமே சொல்லிவிடுவார்கள்.

மெக்ஸிகோப் புத்தகம் கையில் கிடைத்தால் காலங்களின் பெயர்கள் வேறாக இருக்கும். வெனிசுவேலாவில் பிறந்து சிலியில் வாழ்ந்த அந்திரேஸ் பெய்யோ 1847-இல் எழுதிய இலக்கணத்தில் வைத்த பெயர்கள் அவை. உருவங்கள் ஒன்றுதான், குழம்பாதே.

ஒழுங்கில்லாத வினைகளைப் பிறகு படிக்கலாம் என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. ‘இருக்கிறேன்’, ‘போகிறேன்’ என்பவற்றை முதல் நாளே சொல்ல வேண்டிவரும். ஆனால் அவற்றையும் இந்த அழுத்தத்தை வைத்தே பிடிக்கலாம். முடிவதற்கான ‘பொதேர்’ வினையில் ‘புவேதொ’ என்று வேர் உடைவது அழுத்தம் வேரில் விழுவதால். அழுத்தம் வாலுக்குப் போனதும் ‘பொதேமொஸ்’ என்று வேர் பழையபடி ஆகிவிடுகிறது. ‘அப்லாப’ வகை இறந்தகாலத்திலோ மொழி முழுவதிலும் ஒழுங்கு தப்பிய வினைகள் மூன்றே மூன்று: செர், இர், பெர்.

இனிமேல் கட்டம் போடாதே. ஒரு நாளைக்கு ஒரு வினை எடுத்து, அன்று நீ உண்மையில் செய்ததை, செய்யப்போவதை, பிறர் செய்ய வேண்டும் என்று நினைப்பதை முழு வாக்கியமாக உரக்கச் சொல். அடுத்தவருக்குக் கேட்குமோ என்று கூச்சப்படாதே. விமானம் ஏறுவதற்குள் அப்லார், கொமேர், பிபீர் மூன்றும் யோசிக்காமல் வாயில் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நான் சும்மாதான் இருப்பேன். கூப்பிடு, ஸ்பானியத்திலேயே பேசுவோம்.

அன்புடன்,
அத்தை