பழுதின் வேர் தேடி

உரைநடை உலகம்

நுழையும்முன்

இயங்காத கருவியைத் தூக்கி எறிவது எளிது. அது ஏன் இயங்கவில்லை என வினவுவோர் சிலரே. வினாக்களை வரிசையாக எழுப்பி, ஒவ்வொன்றுக்கும் விடை கண்டு முன்னேறும் பழுதுநீக்க முறையை ஒரு பழைய விளையாட்டுப் பெட்டியின் வாயிலாக விளக்குகிறது இப்பாடம்.

பரணில் ஒரு பெட்டி

சரபங்கா ஆற்றின் கரையில் அமைந்த ஓமலூரில், ஒரு வீட்டுப் பரணைத் தூய்மை செய்கிறோம் எனக் கொள்வோம். பித்தளைக் குடங்களுக்கும் பழைய பாய்களுக்கும் இடையே தூசு படிந்த ஒரு பெட்டி கிடைக்கிறது. அதனுடன் இரண்டு கைப்பிடிகளும் நான்கைந்து கேசட்டுகளும் இருக்கின்றன. தொண்ணூறுகளில் பள்ளி விடுமுறை நாள்களைத் தன்வயப்படுத்திய ‘டிவி கேம்’ அது. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983ஆம் ஆண்டு வெளியிட்ட ஃபேமிகாம் கருவியைப் பின்பற்றிச் செய்யப்பட்ட இத்தகைய பெட்டிகள் இந்தியச் சந்தைகளில் மலிவாகக் கிடைத்தன. அண்ணனும் தங்கையும் முறைவைத்து மாரியோ ஆடிய அப்பெட்டி இன்று உயிர்பெறுமா?

முதலில் மின்சாரம்

ஆர்வமிகுதியால் கையில் அகப்பட்ட அடாப்டரை உடனே செருகுவது பெரும்பிழை. பெட்டியின் அடியிலும் அடாப்டரின் மீதும் அச்சிடப்பட்ட குறிப்புகளை ஒப்பிட வேண்டும். மின்னழுத்தம் ஒத்திருந்தால் மட்டும் போதாது. செருகியின் நடுமுனை நேரா, எதிரா என்பதும் ஒத்திருக்க வேண்டும். ஃபேமிகாமில் நடுமுனை எதிர்மின்முனையாகும். வேறு பல கருவிகளில் அது நேர்மின்முனையாகும். மாற்றிச் செருகினால், முப்பது ஆண்டுகள் பிழைத்திருந்த மின்சுற்று ஒரு நொடியில் கருகிவிடக்கூடும்.

குறியும் காரணமும்

விளக்கு எரியவில்லையெனில் அடாப்டர், கம்பி, விசை ஆகியவற்றை ஆராய வேண்டும். விளக்கு எரிந்தும் திரை ஒரே நிறமாகவோ சிதறிய கட்டங்களாகவோ தோன்றினால், கேசட்டின் தொடர்பு முனைகளில் அழுக்கு இருத்தல் கூடும். படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தால், பெட்டியும் தொலைக்காட்சியும் வெவ்வேறு வண்ண முறைகளைச் சார்ந்தவையாக இருக்கலாம். ஒரு கேசட் இயங்கி மற்றொன்று இயங்காவிடின் பழுது கேசட்டில். எதுவுமே இயங்காவிடின் பெட்டியில் எனக் கருதலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிச் சோதிக்க வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றினால், எது தீர்வு தந்தது என்பது தெரியாமற்போகும்.

ஊதலாமா?

கேசட்டை வாயால் ஊதிச் செருகுவது அக்காலச் சிறுவர் அனைவரும் அறிந்த வைத்தியம். பல வேளைகளில் அது பலித்தது போலவே தோன்றியது. உண்மையில், கழற்றி மீண்டும் செருகியபோது முனைகள் உராய்ந்து புதிய தொடர்பு ஏற்பட்டதே பலன் தந்தது. மூச்சின் ஈரமோ உலோகத்தில் படிந்து அரிப்பை வளர்த்தது. அடுத்தடுத்து நிகழ்ந்த இரண்டனுள் முன்னதே பின்னதற்குக் காரணம் எனக் கொள்ளும் மயக்கத்திற்கு இது நல்ல சான்று.

தூய்மை செய்யும் முறை

மின்னிணைப்பைத் துண்டித்தபின், பஞ்சுக்குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சிறிது நனைத்து, கேசட்டின் முனைகளை அவற்றின் நீளவாக்கில் துடைக்க வேண்டும். பஞ்சில் கருமை படியாத வரை புதிய குச்சிகளால் தொடர வேண்டும். இத்திரவம் எளிதில் தீப்பற்றும், அடுப்பருகே பயன்படுத்தலாகாது. நன்கு உலர்ந்த பின்னரே கேசட்டைச் செருக வேண்டும். உப்புத்தாள் மெல்லிய உலோகப் பூச்சைச் சுரண்டிவிடும். அழிப்பானும் மிகுந்தால் அதையே செய்யும்.

பெட்டியின் செருகுவாயைத் தூய்மை செய்ய, துடைத்த கேசட்டை மின்சாரமின்றி நான்கைந்து முறை செருகி எடுத்தால் போதும். பொத்தான்கள் மந்தமாயிருந்தால், கைப்பிடியைத் திறந்து ரப்பர் அடியிலுள்ள கரித்திட்டுகளையும் அவை தொடும் தகட்டையும் மென்மையாகத் துடைக்கலாம். மலிவு கேசட்டுகளின் உள்ளே காணப்படும் கருநிறத் துளிக்கு அடியில்தான் சில்லு இருக்கிறது; அதைச் சுரண்டக் கூடாது. படக்குழாய்த் தொலைக்காட்சியை ஒருபோதும் திறக்கலாகாது. அணைத்த பின்னும் அதனுள் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்து என்பது வள்ளுவர் காட்டிய நெறி. மருத்துவர்க்குரிய அந்நெறி கருவிகளைச் செம்மைசெய்வோர்க்கும் பொருந்தும். அவ்வாறு தேடியும் உயிர்பெறாத பெட்டி உண்டு. அதையும் குப்பையில் எறியாது, மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைப்பதே முறை. உயிர்பெற்றாலோ, பரணில் உறங்கிய அண்ணன் தங்கையின் சிரிப்பொலி கூடத்தில் மீண்டும் கேட்கும்.

தெரியுமா?

கேசட்டை மாற்றி வெவ்வேறு விளையாட்டுகளை ஆடும் முறையை முதலில் வீடுகளுக்குக் கொணர்ந்தது 1976இல் வெளியான ஃபேர்சைல்ட் சேனல் எஃப் கருவி. அதன் உருவாக்கக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் ஜெர்ரி லாசன் என்னும் ஆப்பிரிக்க அமெரிக்கப் பொறியாளர்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டில் பழுதான ஒரு கருவியைத் தேர்ந்து, அதன் குறிகளையும் காரணங்களாகக் கருதத்தக்கனவற்றையும் அட்டவணைப்படுத்துக.
2. ‘ஊதினால் சரியாகும்’ என்பது போன்று வழக்கிலுள்ள நம்பிக்கை ஒன்றன் உண்மையை வகுப்பில் கலந்துரையாடுக.
3. உங்கள் ஊரில் பழுதுநீக்குநர் ஒருவரை நேர்கண்டு, அவர் பழுதைக் கண்டறியும் முறையைத் தொகுத்து எழுதுக.