செம்பு பொன்னாகுமா? அணுவைப் பற்றி ஒரு பாடம்

பாதரசத்தையும் பச்சிலையையும் சேர்த்துப் புடமிட்டுச் செம்பைப் பொன்னாக்கித் தருவதாகச் சொல்லி, முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்தவர்களின் கதை ஊர்தோறும் உண்டு. ஏமாந்தவர்களில் வியாபாரிகளும் இல்லாமலில்லை. “கட்டை எரிந்து சாம்பலாகிறதே, செம்பு ஏன் பொன்னாகாது?” என்று கேட்போர் இன்றும் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். அதற்குரிய பதில் அணுவுக்குள் இருக்கிறது.

3 என்று எழுதி 21 சைபர் போட்டால் எத்தனையோ, ஏறக்குறைய அத்தனை அணுக்கள் ஒரு கிராம் தங்கத்தில் அடங்கியுள்ளன. அணுவின் நடுவே கரு ஒன்று இருப்பதை அறிந்ததும் தங்கத்தைக் கொண்டே. 1909-ல் மான்செஸ்டர் நகரில், ரூதர்போர்டின்கீழ் பணியாற்றிய கைகர், மார்ஸ்டன் இருவரும் மெல்லிய தங்கத் தகட்டின்மேல் ஆல்ஃபா துகள்களைப் பாய்ச்சினர். பெரும்பாலானவை தடையின்றி ஊடுருவிச் சென்றன. ஆயிரக்கணக்கில் ஒன்று மட்டும் சுவரில் மோதிய பந்துபோல் திரும்பி வந்தது. அணுவின் எடை ஏறக்குறைய முழுவதும் நடுவிலுள்ள சின்னஞ்சிறு கருவில் அடங்கியிருக்கிறது என்று ரூதர்போர்டு 1911-ல் அறிவித்தார்.

அக்கருவில் நேர்மின்சாரமுள்ள புரோட்டான்களும், மின்சாரமற்ற நியூட்ரான்களும் உள்ளன. வெளியே எதிர்மின்சாரமுள்ள எலெக்ட்ரான்கள் உலவுகின்றன. ஒரு பொருள் செம்பா, பொன்னா என்று தீர்மானிப்பது புரோட்டான்களின் தொகை ஒன்றே. செம்புக்கு 29, வெள்ளிக்கு 47, தங்கத்துக்கு 79, பாதரசத்துக்கு 80, ஈயத்துக்கு 82. ரசவாதி கையிலெடுத்த பாதரசம் தங்கத்துக்கு ஒரே ஒரு புரோட்டான் தள்ளி நிற்பது வேடிக்கைதான்! ஆனால் அந்த ஒன்றை உலைத் தீயால் பிடுங்க இயலாது. தீயும் திராவகமும் தொடுவது வெளி எலெக்ட்ரான்களை மட்டுமே. கட்டை எரியும்போதும் அணுக்கள் கூட்டாளிகளை மாற்றிக்கொள்கின்றனவேயன்றி இனம் மாறுவதில்லை. ராஜதிராவகத்தில் கரைந்து மறைந்த தங்கத்தை அப்படியே மீட்டுவிடலாம். 916 முத்திரை நகையில், எடையில் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம். மீதி செம்பு, வெள்ளி போன்றவை. அவை அருகருகே நிற்கின்றன, அவ்வளவே.

கருவையே கலைத்தால்? அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில், 2015 முதல் 2018 வரை ஈயக் கருக்களை மாபெரும் வேகத்தில் எதிரெதிரே ஓடவிட்டபோது, சில கருக்கள் மும்மூன்று புரோட்டான்களை இழந்து தங்கக் கருக்களாயின. மொத்தம் சுமார் 8,600 கோடி. எடை எவ்வளவு தெரியுமா? ஒரு கிராமை லட்சம் கோடி பங்காக்கினால் அதில் 29 பங்கு! அவையும் கணநேரத்தில் சிதறிப்போயின. மின்சாரக் கட்டணத்துக்குக் கூடக் காணாது.

இனி, நம் கைமுதலைத் தொடும் விஷயத்துக்கு வருவோம். கலப்படத்தைக் கண்டுபிடிக்க, உலோகத்தைக் காற்றிலும் தண்ணீரிலும் நிறுத்துப் பார்க்கும் தராசைப் பற்றி அல்-காஸினி 1121-ல் “மீஸானுல் ஹிக்மா” என்னும் நூலில் விவரித்தார். ஒரு கன சென்டிமீட்டர் தங்கம் 19.3 கிராம், ஈயமோ 11.3 தான். ஆகவே ஈயம் கலந்தால் அத்தராசு காட்டிவிடும். அதையும் ஏமாற்றக்கூடியது டங்ஸ்டன், அதாவது பழைய மின்விளக்குகளின் இழையாக நாம் கண்ட உலோகம். அதற்குப் புரோட்டான் 74. அணு தங்கத்தைவிட இலேசு. ஆயினும் அணுக்கள் நெருக்கமாக அடுக்கியிருப்பதால் கன சென்டிமீட்டருக்கு 19.25 கிராம் நிற்கிறது. உள்ளே டங்ஸ்டனை வைத்து மேலே பொன் போர்த்திய கட்டியைத் தராசால் பிரித்தறிவது மிகக் கடினம்.

நகைக்கடைகளிலுள்ள எக்ஸ்ரே இயந்திரம் புரோட்டான் தொகைக்கேற்ற கதிரை அடையாளம் காண்கிறது; இந்தத் தொடர்பை 1913-ல் கண்டவர் மோஸ்லி. ஆனால் அவ்வியந்திரம் பார்ப்பது மேற்தோலை மட்டுமே. கனத்த கட்டி வாங்குவோர் ஒலியலைக் கருவியாலும் சோதிக்கச் சொல்லுங்கள். ஒலி தங்கத்துக்குள் விநாடிக்குச் சுமார் 3,240 மீட்டர் செல்லும். டங்ஸ்டனுக்குள் 5,200 மீட்டர்.