சாமிக்காகவா, தேசத்துக்காகவா?

கேள்வி: காளையார்கோவில் குருபூஜை மேடையில் சிவகங்கையின் மருதிருவரை விடுதலைப் போரின் முன்னோடிகள் என்கிறார்கள். ஆனால் 1801-இல் காட்டுக்குள் பதுங்கி நின்று போரிட்ட சாதாரணக் குடியானவனுக்கு தேசப்பற்று என்று ஒன்று இருந்திருக்குமா, ஐயா?
– கல்லூரி மாணவர், மேலூர்

பதில்: உங்கள் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன், தம்பி. 1755-இல் மதுரைக்கு வந்த கர்னல் ஹெரானின் கிழக்கிந்தியக் கும்பெனிப் படை, கோயில்குடி கோயிலில் இருந்த சாமி சிலைகளைத் தூக்கிக்கொண்டு போனது. மே மாதக் கடைசியில் அது நத்தம் கணவாயில் நுழைந்தபோது கள்ளர்கள் மறைந்திருந்து பாய்ந்தார்கள். மூட்டைகளுக்குள் சிலைகளைக் கண்டதும் ‘சாமி, சாமி’ என்று கூவினார்களாம். இதை எழுதிவைத்தவர் ராபர்ட் ஓர்ம் என்ற ஆங்கிலேயரே. அன்று அவர்களுக்குத் தேசம் தேவைப்படவில்லை. சாமியும் ஊரும் போதுமாயிருந்தன.

மறைந்திருந்து தாக்கும் போருக்கு இந்தப் பற்றுதான் அஸ்திவாரம். சோறும் துப்பும் தருவது ஊர். 1801-இல் சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட, கும்பெனிப் படை சுமார் ஒரு மாதம் முட்டி மோதிக் கைவிட்டதென்றால், அந்தக் காட்டை அறிந்தவர்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை என்று பொருள்.

ஆனால் பக்கத்துப் பாளையம் கும்பெனிக்கு ஆள் அனுப்பினால் காடு மட்டும் காப்பாற்றாது. மருதிருவரில் இளையவரான சின்ன மருது இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தார் என்பது என் கணிப்பு. 1801 ஜூன் 16-இல் திருச்சியில் அவர் பெயரில் ஒட்டப்பட்ட அறிவிப்பு, கும்பெனியை எதிர்க்கச் சிவகங்கையாரை மட்டும் அழைக்கவில்லை. ஜம்புத்தீவு எனப்பட்ட இந்த நாடு முழுவதையும், எல்லாச் சாதியாரையும், முஸ்லிம்களையும் அழைத்தது. கும்பெனிச் சம்பளம் வாங்கும் சிப்பாய்களையும் கூப்பிட்டது. ஏழு ஆண்டுகள் கழித்து நெப்போலியனை எதிர்த்த ஸ்பெயின் குடியானவர்களுக்கு மன்னரும் மதமும் ஏற்கெனவே பொதுவாயிருந்தன. இங்கே அந்தப் பொதுப்பிடிப்பைப் புதிதாக உண்டாக்க வேண்டியிருந்தது.

அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை. புதுக்கோட்டைத் தொண்டைமான் கும்பெனியோடு நின்றார். செப்டம்பரில் கும்பெனியார் படமாத்தூர் கௌரி வல்லபரை சிவகங்கை ஜமீன்தாராக அறிவித்து, குடிகளின் விசுவாசத்தை இரண்டாக்கினார்கள். பீரங்கியைவிட இதுவே பெரிய அடி. அக்டோபர் 1-இல் காளையார்கோவில் விழுந்தது. 24-ஆம் தேதி திருப்பத்தூரில் மருதிருவரைத் தூக்கிலிட்டார்கள்.

ஆகவே அந்தக் குடியானவன் பெரும்பாலும் தன் மண்ணுக்காகவே நின்றிருப்பான். அவனுடைய தலைவர்கள் அதை எவ்வளவு தூரம் விரித்துவிட்டார்கள் என்பதைக் கும்பெனியின் அச்சத்திலிருந்தே அறியலாம். வெறும் பாளையத் தகராறு என்றால் தலைவர்களைத் தூக்கிலிட்டதோடு முடிந்திருக்கும். ஆனால் 1802-இல் சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட 70-க்கும் மேற்பட்டவர்களை, சிவகங்கைத் தேவர்களையும் அவர்களோடு கைகோத்த பாஞ்சாலங்குறிச்சி நாயக்கர்களையும் சேர்த்தே, பினாங்குக்கு நாடு கடத்தினார்கள்.