மஞ்சள் கறை சிவப்பதேன்?

கேள்வி: வேட்டியில் பட்ட மஞ்சள் கறை, சவுக்காரம் போட்டதும் சிவந்துவிடுகிறதே, ஏன்?

பதில்: மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் வர்ணப் பொருள், அமிலத்திலும் சுத்த ஜலத்திலும் தன் இயல்பான நிறத்தோடிருந்து, சவுக்காரம், சுண்ணாம்பு, சலவைச் சோடா முதலிய க்ஷாரங்கள் சேர்ந்த மாத்திரத்தில் செந்நிறமடையும் விசேஷ குணமுடையது, ஆரத்தித் தட்டின் மஞ்சள் நீரில் சிட்டிகை சுண்ணாம்பு விழுந்ததும், விழுந்த இடத்திலிருந்தே சிவப்புப் படர்வதும் இதனாலேதான். க்ஷாரமானது குர்குமின் மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜன் அயனியைப் பறித்துக்கொள்ள, அது ஒளியைக் கவரும் விதம் வேறுபட்டு நிறமும் மாறுகிறது. எலுமிச்சைச் சாறோ அவ்வயனியைத் திருப்பிக் கொடுத்துப் பழைய மஞ்சளை மீட்கிறது. பள்ளிக்கூடத்து லிட்மஸ் காகிதம் இதற்கு மாறாக அமிலத்தில் சிவந்து, க்ஷாரத்தில் நீலமாகும், மாணவர் குழம்பலாகாது.

வேட்டியை நன்றாக அலசி வெயிலில் உலர்த்துங்கள். சூரிய ஒளியில் குர்குமின் சிதைந்து, கறை வெளுக்கும்.