ஊர்ப்பெயர்களைச் சுமந்த இரவு வண்டி

அன்புள்ள பேத்தி வள்ளிக்கு, பாட்டி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வீட்டோடு இருந்து பேரன் பேத்திகளைப் பார்த்துக்கொண்டு காலம் கழிக்கையில், நான் மட்டும் ஒரு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, உன் அப்பாவும் அம்மாவும் பெயர்கூடக் கேட்டறியாத ஊர்களுக்கெல்லாம் 22 ஆண்டுகளாகப் போய் வந்துகொண்டிருப்பதன் காரணம் என்ன என்று கேட்டு எழுதியிருந்தாய். இதை என்னிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. போக வேண்டாம் என்று சொன்னவர்களே அதிகம். ஓய்வு எனக்குப் பொழுதையும் மாதந்தோறும் ஓய்வூதியத்தையும் கொடுத்தது என்பது உண்மை. ஆனால் ஆசை என்பது 58 வயதில் திடீரென்று முளைத்துவிடக்கூடிய பயிர் அன்று. அது என் பத்து வயதுக்கு முன்பே ஊன்றப்பட்டுவிட்டது. ஊன்றியவர்கள் யாரென்று உனக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே இத்தனை நீளமாக எழுதுகிறேன். சிரமம் பாராமல் படி.

முதலில் என் அப்பத்தாவைப் பற்றிச் சொல்கிறேன். அவர் புதுக்கோட்டைச் சீமையில் ஆலங்குடிப் பக்கத்தில் பிறந்தவர். அந்தச் செம்மண் பூமியில் பலா செழித்து வளரும். அப்பத்தாவுக்குப் பலாப்பழத்தின்மேல் இருந்த பிரியமும் ஊரறிந்தது. நான் பிறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அவர் காசி யாத்திரை போய் வந்தார். காசிக்குப் போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த காய் ஒன்றையும் கனி ஒன்றையும் அங்கேயே துறந்துவிட்டு வருவது வழக்கம் அல்லவா? அதிகம் விரும்பாத ஏதோ ஒன்றின் பெயரைச் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்பவர்கள் உண்டு. அப்பத்தா மனமறிந்து பலாப்பழத்தைத் துறந்தார்.

அதன் பலனை அனுபவித்தவர்கள் நாங்கள். ஒவ்வொரு கோடையிலும் ஊரிலிருந்து பலாப்பழம் வந்து இறங்கும். வீடு முழுவதும் அதன் வாசனை நிறைந்திருக்கும். அப்பத்தா கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு அமர்ந்து, பிசினை வழித்து, சுளைகளை ஒவ்வொன்றாக எடுத்து எங்கள் தட்டுகளில் வைப்பார். தாம் ஒரு சுளையையும் வாயில் வைக்கமாட்டார். "ஏன் அப்பத்தா நீங்கள் சாப்பிடவில்லை?" என்று நாங்கள் கேட்போம், விடை தெரிந்திருந்தும் ஆண்டுதோறும் கேட்போம். உடனே காசிக் கதை தொடங்கிவிடும். பெஜவாடாவில் கிருஷ்ணா நதியைக் கண்டு அதையே கங்கையென்று எண்ணிக் கும்பிட்டது, ஒரு சொல்லும் புரியாத வங்காளத்து அம்மாள் ஒருத்தி இரவுக் குளிரில் தன் சால்வையின் பாதியை இவருக்குப் போர்த்திவிட்டது, பிரயாகையில் இராமேசுவரத்து மணலைக் கரைத்தபோது கால் மரத்துப்போனது, காசியில் நகரத்தார் சத்திரத்து வாசலில் யாரோ தமிழில் "வாங்க ஆத்தா" என்று அழைத்த குரலைக் கேட்டுத் தேம்பி அழுதது, எல்லாம் ஒழுங்காக வரும். பூஜை மாடத்தில் வாய் அடைத்து வைத்திருந்த செப்புச் சொம்பை அந்தக் கதையின் சாட்சியாக நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி, துறந்துவிட்ட ஒரு பழத்தைக்கொண்டு ஒரு யாத்திரையை இருபது ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தாள் என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

அடுத்தவர் என் தந்தையார், உன் பூட்டனார். அவர் ஆர்.எம்.எஸ். என்று வழங்கும் ரயில் தபால் பகுதியில் ஸார்ட்டராக இருந்தார். ஓடும் ரயிலிலேயே தபால்களைப் பிரிக்கும் இந்த ஏற்பாடு நம் தேசத்தில் 1863-ஆம் ஆண்டு அலகாபாத்துக்கும் கான்பூருக்கும் இடையே தொடங்கியது. அந்தக் காலத்தில் ரயிலில் தபாலுக்கென்று ஒரு பெட்டி இருக்கும். அதனுள்ளே ஒரு சுவர் முழுவதும் புறாக்கூடுபோலச் சிறு சிறு அறைகள். ஒவ்வோர் அறையும் ஓர் ஊருக்கோ ஒரு திசைக்கோ உரியது. பெட்டி ஆடிக்கொண்டே ஓட, நின்றபடியே விலாசத்தைப் பார்த்த மாத்திரத்தில் கடிதத்தை உரிய அறையில் இட்டு, கட்டாகக் கட்டி, பையில் போட்டு, வாயைக் கட்டி அரக்கு முத்திரை வைத்து, அந்தந்த ஸ்டேஷன் வரும்போது இறக்கிவிட வேண்டும். கடைசி நிமிஷத்தில் ஓடிவருகிறவர்கள் தாமதக் கட்டணத்துக்கு அதிகப்படித் தபால்தலை ஒட்டி அந்தப் பெட்டியிலேயே கடிதத்தைச் சேர்த்துவிடுவதும் உண்டு.

என் தந்தையாருக்குத் திருச்சியிலிருந்து எழும்பூருக்குப் போகும் இரவு வண்டியில் வேலை. வாரத்தில் சில நாள் அவருக்கு இரவுச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பதற்காக அப்பத்தாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நான் திருச்சி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நிற்பேன். தபால் பெட்டிக்குள் வெளியார் ஏறக்கூடாது என்பது சட்டம். பெற்ற மகளுக்காகவும் அவர் அதைத் தளர்த்தியதில்லை. திறந்த கதவு வழியாக விளக்கு வெளிச்சத்தில் அந்த மரச்சட்டத்தை மட்டும் பார்ப்பேன். வண்டி நகர்ந்து, பின்புறத்துச் சிவப்பு விளக்கு சிறிதாகி மறையும்வரை நின்றுவிட்டுத்தான் திரும்புவோம்.

ஸார்ட்டர்களுக்கு ஊர்ப்பெயர்கள் மனப்பாடமாக இருக்கவேண்டும். எந்தக் கிராமம் எந்தத் தபாலாபீசுக்கு உட்பட்டது, அதன் பை எந்த ஸ்டேஷனில் இறங்கவேண்டும் என்பதெல்லாம் நினைவில் நிற்கவேண்டும். அதற்காக அவர் ஒரு நீண்ட நோட்டில் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு வீட்டில் பாடம் பண்ணுவார்; நோட்டைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பது என் பொறுப்பு. "ஆலங்குடி?" என்பேன். "எந்த ஆலங்குடி? நம்ம அப்பத்தா ஆலங்குடியா, குருபகவான் ஆலங்குடியா?" என்று திருப்பிக் கேட்பார். "திருப்பத்தூர்?" என்றால், "ராமநாதபுரத்துத் திருப்பத்தூரா, வட ஆர்க்காட்டுத் திருப்பத்தூரா?" என்பார். ஒருநாள் நான் சலித்துப்போய், எந்த ஊராயிருந்தால் என்ன என்று சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "அந்த ஊரில் ஒருத்தி தபால்காரன் வருகிறானா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள் அம்மா. நான் தவறான அறையில் போட்டால் அவள் இன்னும் இரண்டு நாள் நிற்கவேண்டும்" என்றார். அன்றிலிருந்து எந்த ஊரின் பெயரைக் கேட்டாலும், அந்த ஊரில் ஒரு வாசலும், வாசலில் ஒருத்தி நிற்பதும் என் மனக்கண்ணில் தோன்றிவிடும். என் பிரயாண ஆசைக்கு ஆணிவேர் எது என்று கேட்டால் இந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்வேன்.

இப்படித் தமிழ்நாட்டு ஊர்களையெல்லாம் நாவின் நுனியில் வைத்திருந்த அவர், அவற்றில் பெரும்பாலானவற்றைப் பார்த்ததே இல்லை. கும்பகோணம், மாயவரம், சீர்காழி, சிதம்பரம், விழுப்புரம் எல்லாம் அவருக்கு இருட்டில் வந்து போகும் பிளாட்பார விளக்குகள். பகலில் எழும்பூரில் உறக்கம். மறுபடி இரவில் அதே பாதை. 1955-ஆம் ஆண்டு கோடையில்தான், எனக்குப் பத்து வயதாயிருந்தபோது, குடும்பத்தோடு தனுஷ்கோடிக்குப் பகல் வெளிச்சத்தில் பிரயாணம் செய்யும் பாக்கியம் எங்களுக்குக் கிட்டியது. ஜன்னலோரத்தில் நான் உட்காருவேன் என்று அடம்பிடிக்கத் தயாராயிருந்தேன். அதற்கு முன்பே அவர் உட்கார்ந்துவிட்டார். மானாமதுரையும் பரமக்குடியும் இராமநாதபுரமும் வரும்போது, நெடுநாள் கடிதம் மூலமாகவே பழகிய ஒருவரை முதன்முதலாக நேரில் காண்பவரைப்போல அவர் ஒவ்வோர் ஊரையும் உற்று உற்றுப் பார்த்த பார்வை என் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை.

மண்டபம் தாண்டியதும் பாம்பன் பாலம். 1914-ஆம் ஆண்டு திறக்கப்பட்டு, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, கப்பல் வந்தால் நடுவே தூக்கி வழிவிடும் அந்தப் பாலத்தில் வண்டி மெல்ல ஊர்ந்தபோது, இருபுறமும் கடலைப் பார்த்து அப்பத்தா கைகூப்பினார். தனுஷ்கோடித் துறையில் தலைமன்னாருக்குப் போகும் கப்பல் நின்றுகொண்டிருந்தது. தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் குடும்பங்கள் தகரப் பெட்டிகளோடும் மூட்டைகளோடும் வரிசையில் நின்றார்கள். கப்பலில் தபால் பைகளை ஏற்றிக்கொண்டிருந்த இடத்தருகே என் தந்தையார் என்னை அழைத்துப்போய், "அதோ பார், அந்தப் பைகளில் ஏதாவது ஒன்றில் நான் பிரித்த கடிதமும் இருக்கும், அது கடல் தாண்டிப் போகிறது, நான் இங்கே நிற்கிறேன்" என்றார். சொல்லிவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பத்து வயதுப் பெண்ணுக்கு அந்த மௌனத்தின் பொருள் முழுவதும் விளங்கியிராது. ஆனாலும் நான் போகவேண்டும் என்ற சங்கல்பம் அந்தத் துறையில்தான் என்னுள் பிறந்தது.

அதன் பிறகு புத்தகங்கள் வந்தன. 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் பயனாக அந்தக் காலத்தில் ஊர் ஊராகக் கிளை நூலகங்கள் தோன்றிக்கொண்டிருந்தன. என் தந்தையார் எடுத்துவந்த நூல்களில் ஏ.கே.செட்டியாருடையவை எனக்கு உயிர். கோட்டையூரில் பிறந்த அந்த மனிதர், காந்தியடிகளைப் பற்றிய ஆவணப் படம் ஒன்றுக்காக உலகெங்கும் அலைந்து பழைய படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து, 1940-இல் அதை வெளியிட்டார். 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற பெயர் அவருக்கே நிலைத்தது. இத்தனை செய்தும் தம்மை முன்னிறுத்தாமல், கண்ட மனிதர்களை முன்னிறுத்தி அடக்கமாக எழுதும் அவருடைய நடையே பிரயாணிக்குரிய நடை என்பது என் அபிப்பிராயம். மாவட்டம் மாவட்டமாக நூல் எழுதிய சோமலெயையும் நீ படிக்கவேண்டும்.

பின்னர் நான் பூகோள ஆசிரியையானதும், மணமானதும், பிள்ளைகளை வளர்த்ததும் நீ அறிந்தவை. சுவரில் தொங்கிய படத்தில் கோலை வைத்து எத்தனையோ நதிகளைக் காட்டியிருக்கிறேன். காட்டியவற்றுள் கண்டவை மிகச் சில. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த செய்தி வந்த நாளில் என் தந்தையார் சாப்பிடவில்லை. சில நாள் கழித்து, "அந்த ஊர் விலாசத்துக்கு இன்னமும் கடிதம் வருகிறது அம்மா" என்று மட்டும் சொன்னார். 1972 ஆகஸ்ட் 15-ஆம் தேதி பின்கோடு வழக்கத்துக்கு வந்தது. அதைத் திட்டமிட்ட வேலங்கர் ஒரு சமஸ்கிருத அறிஞர் என்பதைக் கேட்டு என் தந்தையார் மிகவும் சந்தோஷப்பட்டார். ஒரே பெயருள்ள ஊர்களின் குழப்பத்தை ஆறு இலக்கங்கள் தீர்த்துவிட்டன. மறு ஆண்டு அவர் ஓய்வு பெற்றார். இனிப் பகலில் ஊர்களைப் பார்க்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண்பார்வை மங்கியது, பிறகு காலும் ஒத்துழைக்கவில்லை. அவர் பார்க்காமலே போனார். நோட்டு என்னிடம் வந்தது.

2003-ஆம் ஆண்டு ஓய்வு பெற்ற மறுமாதமே அந்த நோட்டைத் திறந்தேன். என் முறை எளிது. ஒரு பெயரைத் தேர்ந்துகொள்வேன். பாசஞ்சர் வண்டியிலோ பஸ்ஸிலோ போவேன். போனதும் முதலில் தபாலாபீசுக்குச் சென்று 50 பைசா கார்டு ஒன்று வாங்கி, அங்கேயே நின்று எழுதி, அந்த ஊர் முத்திரை தெளிவாக விழும்படி போடச் சொல்வேன். நீ பிறந்த பிறகு அவை உன் பெயருக்கு வருகின்றன. அதன்பின் தெருக்களில் நடப்பேன், திண்ணை கண்டால் உட்காருவேன், யாராவது பேசுவார்கள். நோட்டின் எல்லையைத் தாண்டியும் போயிருக்கிறேன். செங்கோட்டையிலிருந்து புனலூருக்குப் போகும் மலைப்பாதையில் பதிமூன்று கண் பாலத்தை, அகலப்பாதை போடுவதற்கு முன்பும் பின்பும் கடந்திருக்கிறேன். 14,000 அடிக்கு மேல், ஸ்பிதிப் பள்ளத்தாக்கிலுள்ள ஹிக்கிம் கிராமத்துத் தபாலாபீசுக்கு 68-ஆம் வயதில் மூச்சு வாங்க வாங்கப் போய்ச் சேர்ந்தேன். அங்கேயும் ஒரு வாசலில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். என் தந்தையார் சொன்ன பெண் இவள்தான் என்று எனக்குத் தோன்றியது.

தனுஷ்கோடி மணலை எடுத்துக்கொண்டு பிரயாகை வழியாகக் காசிக்கும் போய்வந்தேன். நீ ஆண்டுதோறும் சித்திரையில், "பாட்டி, நீங்கள் ஏன் மாம்பழம் சாப்பிடுவதில்லை?" என்று கேட்பாயே, அதன் காரணம் இதுதான். இனி அந்தக் கதையை முழுதாகக் கேள்.

பிரயாணத்துக்குப் பணம் வேண்டும், உடல் நலம் வேண்டும் என்பதெல்லாம் மெய். அவற்றுக்கு முன்பாக, போகிற ஊரில் யாரோ இருக்கிறார்கள் என்ற சிரத்தை வேண்டும். சென்ற விடுமுறையில் நீங்கள் ஐந்து நாளில் ஏழு இடங்களைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். படங்கள் நூற்றுக்கணக்கில் அனுப்பினாய். அவற்றில் அந்த ஊர்க்காரர் முகம் ஒன்றும் இல்லை. இது உன் குற்றமன்று. உனக்கு யாரும் நோட்டைப் பிடித்துக் கேள்வி கேட்கவில்லை. ஆகையால் இன்றே உன் மாவட்டத்தின் பெரிய படம் ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டு. தினம் ஓர் ஊர்ப்பெயரைச் சொல்லிப் பழகு. வீட்டுக்கு வரும் விருந்தினரிடம் அவர் ஊர் எது, அங்கே என்ன விளையும், எந்த ஆற்றுத் தண்ணீர் என்று கேள். ரயில் அட்டவணையைப் படிக்கக் கற்றுக்கொள். வழியிலுள்ள சிறு ஸ்டேஷன்களை விடாதே.

பாம்பனில் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்தாகிவிட்டது. நான் இன்னும் அதில் போகவில்லை, உனக்காகக் காத்திருக்கிறேன். கோடை விடுமுறையில் வா. நாம் இருவரும் பகல் வண்டியில் போவோம். ஜன்னலோரம் உனக்கு. எந்தத் தேதியில் வருகிறாய் என்பதைக் கார்டில் எழுது. பின்கோடு 620 001. இலக்கங்களைத் தெளிவாக எழுது.

இப்படிக்கு,
உன் அன்புள்ள பாட்டி